அதிகமாக அரைத்த கறுப்பு

1

வெளிநாட்டில் குடியேறியவனைப் பார்த்து ஊரில் இருப்பவர்கள் வயிற்றெரிச்சல் படுகிறார்கள் என்று இங்கே வந்த நம் ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். என் கதை தலைகீழ். மேற்கு ஜெர்மனியில், ரைன் நதிக்கரை ஊர் ஒன்றில் பதினைந்து வருடமாக உட்கார்ந்துகொண்டு, மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவனை நினைத்து நான்தான் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறேன். அவன் பெயர் அன்வர். என் தோஸ்த். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதக் காரணம், என் மகள் பள்ளிக்கூடத்தில் எழுதிய ஒரு கட்டுரை.

ஷீலாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். 'சாப்பிட்டியா' என்றால் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் வகுப்பில் 'என் தந்தையின் வேலை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நானும் என் மனைவி ரூபியும் போயிருந்தோம். ஆசிரியை அந்தக் கட்டுரையை எடுத்து வைத்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, என்னிடம் கேட்டார்: "இந்த அன்வர் மாமா எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்?"

கட்டுரையை வாங்கிப் படித்தேன். என் தொழிற்சாலையில் மின்கருவிகளுக்காகச் செய்யும் சின்னப் பாதுகாப்புத் துண்டைப் பற்றி ஒரு பக்கம் சரியாகவே எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி: 'இது சரியாக வேலை செய்ய யோசனை சொன்னவர் இந்தியாவில் இருக்கும் அன்வர் மாமா. அப்பா அதைக் கலந்தார்.'

அப்பா அதைக் கலந்தார். ஐந்து வருடமாகத் தொழிற்சாலைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பாராட்டுத் தாளில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவள் எழுதியதுதான் உண்மை என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

2

நான் வேலூர்க்காரன். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் மேல்விஷாரத்து டேனரி ஒன்றில் சேர்ந்தேன். அதுவரை அங்கே தோலைப் பாதி பதத்தில் மெட்ராசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பினிஷிங் செக்‌ஷன் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். பதப்படுத்திய தோலின் மேல் நிறம் பூசி, சூட்டுப் பிளேட்டில் அழுத்திப் பளபளப்பாக்கும் இடம். எனக்கு மேஜை, நாற்காலி, கண்ணாடிக் குடுவைகள். அன்வருக்கு ஒரு பக்கெட், ஒரு ஸ்ப்ரே துப்பாக்கி. அவன் எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு தடவை எழுதித் தேறாதவன்.

கறுப்புத் தோல்தான் எங்களிடம் ஜாஸ்தி ஓடும். பைண்டர் என்கிற பிசினோடு கரித்தூளைச் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் 'பால் மில்'லில் அரைப்போம். அரைத்ததை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் கட்டைவிரலால் இழுத்து, வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு குருணை தெரிந்தாலும் மறுபடியும் மில்லுக்கு. இழுத்த இடத்தில் நம் முகம் தெரிந்தால்தான் கறுப்பு. மங்கலான கறுப்பை விட்டவனை அந்த செக்‌ஷனில் ஒரு வாரம் கிண்டல் பண்ணுவார்கள். எல்லா டேனரியிலும் இதே வழக்கம்தான்.

நான் நிறுத்து, அளந்து, நோட்டில் எழுதி, மூன்று நாளில் ஒரு கறுப்பைக் கொண்டுவருவேன். அன்வர் பக்கெட்டில் விரலை விட்டுப் பார்த்து, "கொஞ்சம் பைண்டர் கம்மி" என்பான். அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும். முதலாளி வந்தால் என் நோட்டைப் பார்க்க மாட்டார். "அன்வர் இன்னா சொன்னான்?" என்றுதான் கேட்பார். பட்டம் வாங்கியவன் பக்கத்தில் நிற்கிறானே என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா, மாட்டார். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது எனக்கு எரிச்சல்.

தோலுக்கான ரசாயனம் விற்கும் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் ஆள் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். ஒரு தடவை, உங்கள் ஆள் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்றார். முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்வர் பெயரைச் சொன்னார். விண்ணப்பத்தில் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் என் ஞாபகம் வந்தது அவருக்கு. இரண்டாவதாகச் சொல்லப்பட்ட பெயர் என்னுடையது. காகிதம் இருந்ததால் வந்தவன் நான், கை இருந்தும் நின்றவன் அவன்.

காட்பாடி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தான். ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா கையில் கொடுத்தான். "போய்ட்டு வாடா ஜெயா. அங்க எவன்னா கறுப்பு சரியில்லன்னு சொன்னா, எனக்கு ஒரு லெட்டர் போடு" என்று சிரித்தான். அவன் முகத்தில் துளி வருத்தமாவது தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

3

வந்த புதிதில் பட்ட கஷ்டங்களை எழுதினால் ஒரு புத்தகம் வரும். கோடையில் ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் 'எனக்குச் சூடாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்து, 'நான் சூடாக இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன். ஜெர்மனில் அது கட்டிய மனைவியிடம் மட்டும் சொல்லக்கூடிய வாக்கியம். மேலாளர் வெபர் ஒரு மாதம் வரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தார். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவுக்கு நிற்பேன். போன வருடம் கொடுத்த அதே காகிதங்களை இந்த வருடமும் கொடுக்க வேண்டும். அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து, வேலூரில் நர்ஸாக இருந்த ரூபியைக் கட்டிக்கொண்டு திரும்பினேன். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆறே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள்.

சில வருடங்களில் தோல் பிரிவைச் சுருக்கினார்கள். கரித்தூளும் பிசினும் தெரிந்தவன் என்று வெபர் என்னைப் புதிய பிரிவுக்கு இழுத்துக்கொண்டார். அங்கே செய்தது ஒரு அதிசயமான பிளாஸ்டிக். மின்கருவிகளில் பியூஸ் என்று ஒன்று இருக்கும், தெரியுமல்லவா. கரண்ட் அதிகமானால் கம்பி உருகி அறுந்துவிடும், பிறகு புதிதாகப் போட வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் அறுந்து போகாது. அதற்குள் கரித்தூள் கலந்திருக்கும். துகள்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் வரை கரண்ட் அவற்றின் வழியாக ஓடும். ஏதோ கோளாறில் கரண்ட் அதிகமாகிச் சூடேறினால் பிளாஸ்டிக் உப்பும், துகள்கள் விலகும், கரண்ட் கிட்டத்தட்ட நின்றுவிடும். கோளாறைச் சரிசெய்து ஆறவிட்டால் பழையபடி சேர்ந்துகொள்ளும். கருவி கருகாது, வீடு தீப்பிடிக்காது. விரல் நகம் அளவு துண்டு, இவ்வளவு வேலை செய்யும்.

செய்யும் என்றார்கள். நாங்கள் செய்தது செய்யவில்லை. சாதாரண சமயத்திலேயே கரண்டைத் தடுத்தது. ஒரு துண்டு ஒரு மாதிரி, அடுத்த துண்டு வேறு மாதிரி. நாலு தடவை சூடேற்றி ஆற்றினால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிளாஸ்டிக்கை மாற்றினோம், கரியை மாற்றினோம், வெப்பத்தை மாற்றினோம். ஒன்றரை வருடம் போனது. பிரிவை மூடிவிடலாமா என்று மேலே பேச ஆரம்பித்தார்கள். மூடினால் என் வேலையும் போகும், வேலையோடு விசாவும் போகும்.

கலவைக்குப் பொறுப்பு நான். உருளைகளுக்கு நடுவே அதை ஓட்டி அரைத்து எடுப்பது என் கை. கறுப்பு விஷயத்தில் இவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று வெபர் எல்லோரிடமும் சொல்வார். எனக்குப் பெருமை தாங்காது.

4

அந்த நிலைமையில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தோம். பையில் நாலைந்து துண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தேன். தொழிற்சாலைப் பொருளை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்று விதி. எதற்கு எடுத்தேன் என்று அப்போது என்னையே கேட்டிருந்தால் சும்மாதான் என்று சொல்லியிருப்பேன்.

ஷீலாவுக்கு எட்டு வயது. வேலூர் வீட்டில் சொந்தக்காரர்கள் யார் கூப்பிட்டாலும் ரூபியின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். மேல்விஷாரத்துக்குக் கூட்டிப்போனேன். அன்வர் அப்போது பினிஷிங் மேஸ்திரி ஆகியிருந்தான். அவன் அவளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் கொடுத்து, ஒரு கழிவுத் தோலைக் காட்டி, "அடி" என்றான். அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் உடைந்த தமிழில் அவனிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வருடத்தில் பேசிய தமிழைவிட அது அதிகம். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையைக்கூட அவனுக்கு எப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்கிறது.

டீ குடிக்கும்போது துண்டுகளை எடுத்துக் காட்டினேன். எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொன்னேன்.

"அப்டின்னா கோவம் வந்தா கைய வுட்டுடும், ஆறிப்போனா மறுபடி புடிச்சிக்கும். அதானே?" என்றான்.

"அதான். ஆனா எங்களது ஒழுங்கா புடிக்கவே மாட்டேங்குது."

ஒரு துண்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான்.

"நல்லா மூஞ்சி தெரியுதே. எவ்ளோ நேரம் ஓட்டின?"

"மொதல்ல மங்கலாத்தான் வந்துச்சு. அப்புறம் இந்த மாதிரி கண்ணாடியா வர்ற வரைக்கும் ஓட்டினேன்."

"இன்னாத்துக்கு?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. கறுப்பு என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்?

"தோலுக்குன்னா சரி ஜெயா. வாங்கறவன் கண்ணால பாக்கறான். இத எவன் பாக்கப் போறான்? பொட்டிக்குள்ள கெடக்கப் போவுது. கரி ஒண்ண ஒண்ணு தொட்டுக்கினு இருக்கணும், அது வழியா கரண்ட் போவணும்னு நீதானே சொன்ன? நீ அத அரைச்சு அரைச்சு ஒண்ணொண்ணா பிரிச்சிட்ட. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா பிளாஸ்டிக் பூசி வெச்சிட்ட. அப்புறம் எங்கேர்ந்து தொடும்? ஜாஸ்தி அரைச்சிட்டடா. பாதியில நிறுத்து."

சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போனான். ஷீலா என் முழங்கைப் பக்கத்தில் கைநிறையக் கறுப்போடு நின்றிருந்தாள். அவளுக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று நினைத்தேன்.

என் மூக்கு உடைந்துபோனது. ஒன்றரை வருடம், மூன்று டாக்டர் பட்டக்காரர்கள், அறை முழுக்க அளக்கும் கருவிகள். இவனுக்கு ஒரு கிளாஸ் டீ ஆறுகிற நேரம் போதுமானதாக இருந்தது. அவனிடம் நான் சொன்ன பதில், "பாக்கலாம், அது அவ்ளோ சுலபம் இல்ல."

5

திரும்பிய முதல் வாரமே செய்து பார்த்தேன். உருளையில் வழக்கமாக ஓட்டும் நேரத்தில் பாதிக்கும் கீழே நிறுத்தினேன். சாம்பல் பூத்த மாதிரி ஒரு அசிங்கமான கறுப்பு வந்தது. ஆரம்பத்தில் இதே மாதிரி வந்த மங்கல் கறுப்பை நான்தான் அளந்துகூடப் பார்க்காமல் குப்பையில் போட்டிருந்தேன். தோல்காரன் கண்ணுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. ஜெர்மன்காரன் எவனும் கறுப்பின் பளபளப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டான், நேராக மீட்டரில் வைத்திருப்பான். ஒன்றரை வருடத்தை வீணாக்கியது மேல்விஷாரத்தில் நான் கற்றுக்கொண்ட பழக்கம். அதைச் சரிசெய்தது அதே பழக்கத்தில் ஊறிய அன்வர். பழக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அது எதற்கு என்று கேட்கத் தெரிந்தவன் அவன்.

மீட்டரில் வைத்தோம். கரண்ட் தாராளமாக ஓடியது. சூடேற்றினோம், நின்றது. ஆற்றினோம், ஓடியது. நூறு தடவை செய்தோம், நூறு தடவையும் திரும்பியது. வெபர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினார்.

அப்புறம் படிவம் வந்தது. இந்த ஊரில் எதற்கும் படிவம் உண்டு. தொழிலாளி ஒருவர் வேலையை மேம்படுத்தும் யோசனை சொன்னால் அதற்கு ஒன்று. யோசனை யாருடையது, வேறு யாருக்காவது பங்கு உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம். பெயர் எழுத ஆறு வரி விட்டிருந்தார்கள். முதல் வரியில் என் பெயரை எழுதி, பக்கத்தில் நூறு என்று போட்டேன். மிச்சம் ஐந்து வரிகளுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

துண்டை வெளியே எடுத்துப் போனது தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை, ஆனால் அதுவல்ல காரணம். முதல் தடவையாக ஒரு முதலாளி 'அன்வர் என்ன சொன்னான்' என்று கேட்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்வர் கடிதங்களில் விசாரிப்பான். 'அந்தக் கரி வேலை இன்னா ஆச்சு?' என்று இரண்டு தடவை கேட்டான். 'இன்னும் சோதனையில்தான் இருக்கிறது' என்று எழுதினேன். அந்த வாரம்தான் முதல் பெட்டிச் சரக்கு தொழிற்சாலையை விட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

6

பெற்றோர் கூட்டம் முடிந்து டிராமில் திரும்பும்போது ரூபி கேட்டாள்.

"ஏங்க, அன்வர் அண்ணனா சொன்னாரு?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"அவங்கிட்டயே சொல்லல."

ஷீலா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தான் எழுதியதில் ஏதாவது தப்பா என்று ஜெர்மனில் கேட்டாள். தப்பில்லை என்று தமிழில் சொன்னேன்.

மறுநாள் வெபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வருடம் கழித்து ஏன் இப்போது என்று கேட்டார். என் மகள் எழுதிவிட்டாள் என்றேன். பொருளை வெளியே எடுத்துப் போனதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் என் கோப்பில் ஏறியது. திருத்தம் செய்யவும் ஒரு படிவம் இருந்தது: பெயர், தொழில், முகவரி, சதவீதம், சம்பந்தப்பட்டவரின் கையொப்பம். பணம் காசு ஒன்றும் இதில் இல்லை. சுவரில் மாட்டிய தாளிலும், கலவைக் குறிப்பின் தலைப்பிலும் பெயர் வரும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்கிறேன், சதவீதம் போட எனக்கு மூன்று நாள் ஆனது. உண்மையைச் சொன்னால் அன்வருக்குப் பாதிக்கு மேல் போட வேண்டும். கை வரவில்லை. ஐம்பது என்று எழுதி, ஒரு நீண்ட கடிதத்தோடு அனுப்பினேன். சோதனையில் இருக்கிறது என்று பொய் சொன்னதையும் எழுதினேன். அவன் திட்டி எழுதுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். ஒரு தடவையாவது அவனுடைய சின்னப் புத்தியைப் பார்க்கலாமே.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருந்தான். ஐம்பதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் பத்து என்று எழுதியிருந்தான். கூட ஒரு தாள்:

'வேலை செஞ்சுதுன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம். நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உருளை ஓட்டுனது நீ, அளந்தது நீ. எனக்குப் பத்தே ஜாஸ்தி. மனசைப் போட்டுப் பேஜார் பண்ணிக்காதே. ஷீலா நல்லாப் படிக்கறாளா?'

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அவனே திருத்திவிட்டான், இனி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே படிவங்களைக் கவனிக்கும் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, அடித்துத் திருத்திய படிவம் செல்லாது என்றார். புதிது ஒன்றை நீட்டி, "எந்த எண் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்" என்றார்.

ஒரு வாரம் அந்தப் புதுப் படிவம் மேஜையில் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். பத்து என்று எழுதி அனுப்பினால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவான், எனக்குத் தெரியும். தெரிந்த அளவுக்கு ஆத்திரமும் வந்தது. கறுப்பில் அவன்தான் மேல், முதலாளியிடம் அவன்தான் மேல், என் பிள்ளையிடம் அவன்தான் மேல். போகட்டும், அதெல்லாம் பழகிப்போனது. இப்போது ஒரு பேனாக் கோட்டில் என்னைவிட நல்லவனாகவும் ஆகிவிட்டான்.

ரூபி டியூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். அன்வர், பினிஷிங் மேஸ்திரி, மேல்விஷாரம்: அறுபது. ஜெயசீலன்: நாற்பது. கூட ஒரே ஒரு வரி கடிதம் வைத்தேன், 'இதில் கை வைத்தால் உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது' என்று. அவன் கை வைக்கவில்லை. போன வாரம் கையெழுத்தோடு வந்துவிட்டது, அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வெபர் என் முதுகில் தட்டி, பெரிய மனது என்றார். வாசகர்களாவது அப்படி நினைத்துவிட வேண்டாம். விட்டுக்கொடுப்பதிலும் அவனே ஜெயித்துவிட்டுப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.